அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியை அமர்த்தும் முன்: மாநில உரிமம், ஆய்வறிக்கை, புகார் குறித்த வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் வயதான பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிவோ, பக்கவாதமோ, மறதி நோயோ வந்துவிட்டால், வேலைக்குப் போகும் மகனும் மகளும் முதலில் தேடுவது பகலில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஓர் ஆளைத்தான். இணையத்தில் தேடியவுடன் பல ஏஜென்சிகளின் பெயர்கள் கிடைக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே தங்களை உரிமம் பெற்றவை என்றும் காப்பீடு உள்ளவை என்றும் சொல்லிக்கொள்கின்றன. அந்த உரிமம் எதற்கானது, அதைக் கொடுத்த அலுவலகம் எது, கொடுத்தபின் அந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நல்லதல்ல. மாநிலத்தின் ஆய்வாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஏஜென்சிக்கு வருகிறார். அவர் பார்ப்பது பெரும்பாலும் கோப்புகளையும் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளையும். மற்ற எல்லா நாட்களிலும் உங்கள் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே. ஆகவே அரசு செய்யும் கண்காணிப்பின் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், அதன் பதிவுகளைத் தேடிப் படிக்கவும், தேவைப்படும்போது அதன் கதவைத் தட்டவும் குடும்பத்தினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: எந்த வகைச் சேவை வேண்டும் என்று பிரித்தறிதல்

புதிதாக வருவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. வீட்டுக்கு வந்து செய்யப்படும் சேவைகளில் இரண்டு வேறுபட்ட வகைகள் உள்ளன. ஒன்று ‘ஹோம் ஹெல்த்’ எனப்படும் மருத்துவம் சார்ந்த சேவை: செவிலியர் வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுதல், ஊசி மருந்து கொடுத்தல், இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி முதலியவை. இதற்கு மருத்துவரின் ஆணை வேண்டும். மற்றொன்று ‘ஹோம் கேர்’ அல்லது ‘பெர்சனல் கேர்’ எனப்படும் மருத்துவம் சாராத சேவை: குளிப்பாட்டுதல், உடை மாற்றிவிடுதல், சமைத்துக் கொடுத்தல், கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல், தனியே விடாமல் உடனிருத்தல். பல மாநிலங்களில் இவ்விரண்டுக்கும் தனித்தனி உரிமங்கள் உள்ளன. சில மாநிலங்களில் உரிமம் வழங்கும் துறையே வேறு.

இந்தப் பிரிவு பணத்தோடும் தொடர்புடையது. முக்கியமாக முதியோருக்கான கூட்டாட்சி அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம் ஹோம் ஹெல்த் சேவைக்குச் சில நிபந்தனைகளின் கீழ் பணம் தரும்: நோயாளி வீட்டைவிட்டு வெளியேறுவது கடினமான நிலையில் இருக்க வேண்டும், அவ்வப்போது தேவைப்படும் செவிலியர் சேவையோ சிகிச்சைப் பயிற்சியோ மருத்துவரால் எழுதப்பட்டிருக்க வேண்டும். குளிப்பாட்டவும் உடனிருக்கவும் மட்டும் ஆள் வேண்டுமென்றால் மெடிகேர் பணம் தராது. கிரீன் கார்டில் வந்த பெற்றோரின் நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: 65 வயதானவர்கள், அமெரிக்காவில் 40 காலாண்டு (சுமார் 10 ஆண்டு) வேலைக் கணக்கு இல்லாவிட்டாலும், 5 ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி வசித்தபின் மாதக் கட்டணம் செலுத்தி மெடிகேரில் சேர முடியும். அதுவரையில் செலவு பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்தோ தனியார் காப்பீட்டிலிருந்தோதான் வர வேண்டும். சொந்தப் பணம் கொடுத்து அமர்த்துவோர் கூட்டாட்சி அரசின் கண்காணிப்புக்குள் வராத ஏஜென்சிகளிடமே பெரும்பாலும் போய்ச் சேருகிறார்கள் என்பதால், மாநிலத்தின் விதிகள் அவர்களுக்கு இன்னும் முக்கியமாகின்றன.

இரண்டாம் படி: உங்கள் மாநிலத்தில் யார் பொறுப்பு என்று கண்டறிதல்

மெடிகேரிடமிருந்து பணம் பெறும் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு நாடு முழுவதும் ஒரே அடிப்படை விதி உண்டு. அது கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 42-ஆம் தலைப்பில் 484-ஆம் பகுதியாக உள்ளது. 2017-இல் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் சாராத ஹோம் கேர் ஏஜென்சிகளுக்கு அப்படி நாடு தழுவிய உரிம விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றியபடி வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் அறிவுரை அடுத்த மாநிலத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

தமிழர்கள் மிகுதியாக வாழும் சில மாநிலங்களைப் பார்த்தாலே இந்த வேறுபாடு விளங்கும். கலிபோர்னியாவில் ஹோம் ஹெல்த் ஏஜென்சிக்கு உரிமம் தருவது பொதுச் சுகாதாரத் துறை. மருத்துவம் சாராத ஏஜென்சிக்கு உரிமம் தருவதோ சமூகச் சேவைத் துறையின் கீழுள்ள ஹோம் கேர் சர்வீசஸ் பீரோ. 2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2016 ஜனவரி 1 முதல் இந்த உரிமம் கட்டாயமானது. ஏஜென்சி அனுப்பும் ஒவ்வொரு பணியாளரும் மாநிலப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். டெக்சாஸில் இவை எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ், சுகாதார மற்றும் மனிதச் சேவைகள் ஆணையத்திடம் உள்ளன. ஆனால் ஒரே உரிமத்துக்குள் வகைகள் இருப்பதால், ‘பெர்சனல் அசிஸ்டன்ஸ் சர்வீசஸ்’ என்ற வகை மட்டும் பெற்ற ஏஜென்சி செவிலியர் சேவை தர முடியாது. நியூ ஜெர்சியில் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகள் சுகாதாரத் துறையிடம் உரிமம் பெறுகின்றன. சொந்தப் பணத்தில் அமர்த்தப்படும் ஏஜென்சிகள் பெரும்பாலும் ‘ஹெல்த் கேர் சர்வீஸ் ஃபர்ம்’ என்ற பெயரில் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு செய்கின்றன. வீட்டுக்கு வரும் பணியாளருக்குச் சான்றிதழ் தருவதோ மாநிலச் செவிலியர் வாரியம். ஒரே வீட்டுக்கு வரும் ஒரே சேவைக்கு இரண்டு அலுவலகங்களில் விசாரிக்க வேண்டியிருக்கும் மாநிலம் அது.

நியூயார்க்கில் உரிமம் மட்டும் பெற்ற ஏஜென்சி, மெடிகேர் சான்றும் (மெடிகேரிடமிருந்து பணம் பெறும் தகுதியும்) பெற்ற ஏஜென்சி என்று இரு பிரிவுகள், இரண்டுமே சுகாதாரத் துறையின் கீழ். இல்லினாயில் மருத்துவச் சேவை, வீட்டுச் சேவை, செவிலியர் சேவை மூன்றுக்கும் ஒரே சட்டத்தில் தனித்தனி உரிமங்கள். ஃபுளோரிடாவில் உடனிருத்தல், வீட்டு வேலை ஆகியவற்றை மட்டும் செய்யும் நிறுவனங்கள் உரிமம் அல்லாமல் பதிவு மட்டுமே பெற்று இயங்க முடியும். அவற்றின் ஆட்கள் உடலைத் தொட்டுச் செய்யும் பராமரிப்பில் ஈடுபடக் கூடாது. அதாவது அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்றால் அந்தப் பதிவு போதாது. ஓஹையோவில் நெடுங்காலம் உரிமமே இல்லாதிருந்து, 2021-இல் இயற்றிய சட்டத்தால் அது வந்தது. மிச்சிகன் ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கு மாநில உரிமம் வழங்குவதில்லை. உரிமம் இல்லாத மாநிலத்தில் இருப்பவர்கள், ஏஜென்சி மெடிகேர் சான்று பெற்றதா, அல்லது ஜாயின்ட் கமிஷன், சாப், ஏசிஎச்சி போன்ற தர அங்கீகார அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்பதே அடுத்த வழி. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் பாலிசியில் ‘உரிமம் பெற்ற ஏஜென்சி’ என்ற சொல் எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று படித்துவிட வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே இழப்பீடு மறுக்கப்படலாம்.

உங்கள் மாநிலத்தில் எந்தத் துறை என்று தெரியாவிட்டால், முதியோர் சேவைகளுக்கான எல்டர்கேர் லொக்கேட்டர் என்னும் நாடு தழுவிய உதவி எண்ணை (800-677-1116) அழைத்தால், உங்கள் வட்டாரத்து முதியோர் நல அமைப்போடு இணைப்பார்கள். உரிமம் வழங்கும் அலுவலகத்தின் பெயரை அவர்களிடம் நேரடியாகக் கேட்கலாம்.

மூன்றாம் படி: உரிமத்தை நீங்களே சரிபார்த்தல்

ஏஜென்சி காட்டும் உரிமத்தின் நகலைப் பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது. துறையின் இணையத் தேடல் பக்கத்துக்குச் சென்று, ஏஜென்சியின் சட்டப்பூர்வப் பெயரையும் உரிம எண்ணையும் கொண்டு தேட வேண்டும். விளம்பரப் பெயரும் சட்டப்பூர்வப் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நாடெங்கும் தெரிந்த ஒரு பெயரின் கீழ் இயங்கும் கிளைகளில் பல, உரிமக் கட்டணம் செலுத்தி அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனித்தனி உரிமையாளர்களுடையவை. பக்கத்து ஊர்க் கிளைக்கு நல்ல வரலாறு இருப்பதால் உங்கள் ஊர்க் கிளைக்கும் அது இருக்கும் என்று கொள்ள முடியாது. மாநிலத்தின் பார்வையில் அவை இரண்டு வேறு நிறுவனங்கள்.

தேடலில் கிடைக்கும் பக்கத்தில் நான்கு செய்திகளைக் கவனியுங்கள்: உரிமத்தின் நிலை, வகை, முகவரி, முதன்முதலில் வழங்கிய நாள். நிலை என்ற இடத்தில் ‘நடப்பில் உள்ளது’ என்றிருந்தால் போதும் என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘தற்காலிகம்’, ‘நிபந்தனைக்குட்பட்டது’, ‘நன்னடத்தைக் காலம்’ போன்ற சொற்கள் இருந்தால் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஏஜென்சிக்குத் தற்காலிக உரிமம் இருப்பது இயல்பானது. பல ஆண்டுகளாக இயங்கும் ஏஜென்சிக்கு அது இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு குறைபாடு கண்டறியப்பட்டிருக்கிறது என்றே பொருள். உரிமம் வழங்கிய நாள் அண்மையதாக இருந்து, ஏஜென்சியோ தனக்கு இருபது ஆண்டு அனுபவம் என்று சொன்னால், உரிமையாளர் மாறியிருக்கக்கூடும். பழைய உரிமையாளரின் காலத்து ஆய்வறிக்கைகள் வேறு எண்ணின் கீழ் இருக்கலாம் என்பதால் அந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: ஆய்வறிக்கையைப் படித்தல்

இந்தப் படியைச் செய்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஓர் ஏஜென்சியைப் பற்றி விளம்பரமும் இணைய மதிப்புரைகளும் சொல்லாததை இந்தக் காகிதங்கள் சொல்லும்.

மெடிகேர் சான்று பெற்ற ஏஜென்சிகளை 36 மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. மெடிகேர் சார்பாக இந்த ஆய்வைச் செய்வது மாநிலத்தின் ஆய்வுத் துறை, அல்லது மெடிகேர் ஏற்றுக்கொண்ட தர அங்கீகார அமைப்பு. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வருவார். வரப்போகும் நாளை ஏஜென்சிக்கு முன்கூட்டியே தெரிவிப்பவருக்கு அபராதம் விதிக்கவும் கூட்டாட்சிச் சட்டத்தில் இடம் உண்டு. அவர் நோயாளிகளின் கோப்புகளையும் பணியாளர் கோப்புகளையும் படித்து, சில வீடுகளுக்கு நேரில் சென்று பார்த்து, கண்ட குறைகளை சிஎம்எஸ்-2567 என்ற படிவத்தில் எழுதுகிறார். அந்தப் படிவத்தின் இடப்பக்கம் குறைபாடும், வலப்பக்கம் அதைச் சரிசெய்ய ஏஜென்சி தரும் திருத்தத் திட்டமும் இருக்கும். மருத்துவம் சாராத ஏஜென்சிகளுக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தப் படிவங்களை வைத்திருக்கின்றன. அமைப்பு பெரும்பாலும் இதைப் போன்றதே. பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள் இந்த அறிக்கைகளை இணையத்திலேயே வெளியிடுகின்றன. வெளியிடாத மாநிலத்தில் அந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். “இன்ன உரிம எண் கொண்ட ஏஜென்சியின் கடைசி இரண்டு ஆய்வறிக்கைகளும், கடந்த மூன்று ஆண்டுகளில் உறுதி செய்யப்பட்ட புகார்களின் முடிவுகளும் வேண்டும்” என்று குறிப்பாக எழுதினால் விரைவாகக் கிடைக்கும்.

அறிக்கையைப் படிக்கும்போது குறைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குறையே இல்லாத அறிக்கைகள் உண்டு என்றாலும், ஒன்றிரண்டு குறைகள் இருப்பது ஏஜென்சி மோசமானது என்பதற்குச் சான்றல்ல. எந்த வகைக் குறை என்பதே முக்கியம். கூட்டாட்சி முறையில், ஒரு தனி விதி மீறப்பட்டிருப்பது ஒரு நிலை. பல விதிகள் அடங்கிய ஒரு முழு நிபந்தனையே நிறைவேறாமல் போயிருப்பது அதைவிடக் கடுமையான நிலை. நோயாளியின் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகக் கண்டறிவது எல்லாவற்றிலும் கடுமையானது. உடனடி ஆபத்து நீக்கப்படாவிட்டால் 23 நாட்களுக்குள் மெடிகேர் ஒப்பந்தமே ரத்தாகும். அதற்குக் குறைந்த நிலைகளில் அபராதம், புதிய நோயாளிகளுக்குப் பணம் நிறுத்தம், தற்காலிக நிர்வாகி நியமனம் போன்ற நடவடிக்கைகள் உள்ளன.

கோப்பில் ஒரு படிவம் தேதியிடப்படாமல் இருந்தது என்ற குறையும், பணியாளரின் குற்றப் பின்னணிச் சோதனை முடியும் முன்பே அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்ற குறையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். என் கருத்தில் குடும்பங்கள் நின்று படிக்க வேண்டியவை நான்கு: பின்னணிச் சோதனை இல்லாமல் ஆள் அனுப்பியது, திட்டத்தில் எழுதிய வருகைகள் நடக்காமலே விடுபட்டது, செவிலியரின் மேற்பார்வை வருகைகள் நடக்காதது, நோயாளியின் நிலை மோசமானதை மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ சொல்லாதது. இவற்றுள் ஏதேனும் ஒன்று அடுத்தடுத்த இரண்டு ஆய்வுகளிலும் தோன்றினால், திருத்தத் திட்டத்தில் எழுதியது காகிதத்தோடு நின்றுவிட்டது என்று பொருள். அத்தகைய ஏஜென்சியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அதன் மதிப்புரைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மெடிகேரின் ‘கேர் கம்பேர்’ இணையதளத்தில் காணும் நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். ஹோம் ஹெல்த் ஏஜென்சிகளுக்கான அந்த நட்சத்திரங்கள், ஏஜென்சிகளே பதிந்து அனுப்பும் நோயாளி மதிப்பீடுகள், மெடிகேரின் பணக் கணக்குகள், நோயாளிகளிடம் எடுக்கப்படும் கருத்துக் கணிப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகின்றன; மாநில ஆய்வில் கண்ட குறைகள் அவற்றில் சேர்க்கப்படுவதில்லை. மேலும் மெடிகேர் சான்று பெறாத ஏஜென்சிகள் அந்தத் தளத்தில் இடம்பெறுவதே இல்லை. எனவே நட்சத்திரம் ஆய்வறிக்கைக்கு மாற்று ஆகாது.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வரும் ஆளைப் பற்றி விசாரித்தல்

உரிமம் ஏஜென்சிக்கு, ஆனால் வீட்டுக்குள் வருபவர் பணியாளர். மெடிகேர் சான்று பெற்ற ஏஜென்சியின் ஹோம் ஹெல்த் எய்ட் (வீட்டுக்கு வரும் உதவிப் பணியாளர்) குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும், அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையோடு கூடிய செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும்; அதன்பின் ஆண்டுக்கு 12 மணி நேரப் பணியிடைப் பயிற்சி. மருத்துவம் சாராத பணியாளர்களுக்கு மாநிலங்கள் விதிக்கும் அளவு இதைவிட மிகவும் வேறுபடுகிறது: கலிபோர்னியாவில் தொடக்கத்தில் 5 மணி நேரம், இல்லினாயில் 8 மணி நேரம், நியூயார்க்கில் பெர்சனல் கேர் எய்டுக்கு 40 மணி நேரம், நியூ ஜெர்சியில் 76 மணி நேரம். ஐந்து மணி நேரப் பயிற்சி பெற்றவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டு அனுபவமுள்ள அருமையான பணியாளர்கள் எங்கும் உள்ளனர். ஆனால் மறதி நோயாளியைக் கையாளவும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றவும் தெரிந்தவர்தானா என்பதை மாநிலத்தின் குறைந்தபட்ச விதி உங்களுக்கு உறுதிப்படுத்தாது என்பதை நினைவில் கொண்டு, அந்தக் குறிப்பிட்ட திறனை எப்படிச் சோதித்தார்கள் என்று ஏஜென்சியிடம் கேளுங்கள்.

பின்னணிச் சோதனை பற்றிக் கேட்கும்போது “செய்திருக்கிறோம்” என்ற பதிலோடு நிறுத்தாமல், அது கைரேகையை வைத்துச் செய்யப்பட்டதா, பெயரை வைத்து மட்டும் செய்யப்பட்டதா, மாநிலத்துக்குள் மட்டுமா, நாடு முழுவதுமா, எப்போது செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். நீங்களே இலவசமாகப் பார்க்கக்கூடிய பதிவேடுகளும் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்திலும் செவிலியர் உதவியாளர் பதிவேடு உண்டு. நோயாளியைத் துன்புறுத்தியதாகவோ பொருளை அபகரித்ததாகவோ உறுதியான முடிவு இருந்தால் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கெனத் தனிப் பதிவேடுகள் உள்ளன. கூட்டாட்சிச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், மெடிகேர், மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) திட்டங்களிலிருந்து விலக்கப்பட்ட ஆட்கள், நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. ஏஜென்சியின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் அதில் தேடிப் பார்ப்பது சில நிமிட வேலைதான்.

தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாக உள்ள இன்னொரு வழியையும் இங்கே சொல்ல வேண்டும். தெரிந்தவர் மூலம் தமிழ் பேசும் ஓர் அம்மாவை நேரடியாக வேலைக்கு அமர்த்திக்கொள்வது பலருக்கு நிம்மதியாக இருக்கிறது. மொழியும் சாப்பாடும் ஒத்துப்போகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அப்போது ஏஜென்சி உரிமச் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை, ஆய்வாளரும் இல்லை, முதலாளி நீங்களே. சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் பிடித்துச் செலுத்துதல், வேலையில் அடிபட்டால் ஈடு, வேலை செய்யும் அனுமதியைச் சரிபார்த்தல் எல்லாம் உங்கள் பொறுப்பாகும். ஆளை அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பதிவு நிறுவனங்களிடமும் இதே நிலை ஏற்படலாம். பணியாளரின் முதலாளி யார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: கையெழுத்துக்கு முன்னும் முதல் வாரங்களிலும்

காப்பீடு என்று சொல்வதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கலிபோர்னியா போன்ற மாநிலத்தில் பொறுப்புக் காப்பீடும், பணியாளர் திருட்டு முதலியவற்றுக்கான பிணையமும் சட்டப்படியே வேண்டும். பிணையத் தொகை பெரும்பாலும் சிறியது, வீட்டில் உள்ள தங்க நகைகளின் மதிப்புக்கு ஈடாகாது. நகையையும் வங்கி அட்டைகளையும் முன்கூட்டியே பூட்டி வைப்பது யாரையும் அவமதிப்பதாகாது, பணியாளரையும் வீண் பழியிலிருந்து காக்கும்.

மெடிகேர் சான்று பெற்ற ஏஜென்சி, நோயாளியின் உரிமைகளை எழுத்தில் தர வேண்டும்; ஆங்கிலம் நன்கு தெரியாதவருக்குப் புரியும் வகையில், கட்டணமின்றி மொழி உதவியோடு செய்திகளைத் தெரிவிக்க வேண்டும். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். மருத்துவ விவரங்களைப் பேரப்பிள்ளைகள் மொழிபெயர்க்கும் வழக்கம் பாதுகாப்பானதல்ல. மாநிலத்தின் கட்டணமில்லாப் புகார் எண்ணும் அந்தக் காகிதங்களில் இருக்க வேண்டும். அதை அங்கேயே கண்டுபிடித்துக் கைபேசியில் பதிந்துவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள், அல்லது மருத்துவர் குறித்த நாளில், ஏஜென்சி முதல் மதிப்பீட்டைச் செய்ய வேண்டும். பராமரிப்புத் திட்டத்தைக் குறைந்தது 60 நாட்களுக்கு ஒருமுறை மருத்துவர் மறுபார்வை செய்ய வேண்டும். செவிலியர் சேவையோ இயன்முறைச் சிகிச்சையோ பெறும் நோயாளிக்கு, எய்ட் செய்யும் வேலையைத் தகுதி பெற்ற செவிலியரோ சிகிச்சையாளரோ 14 நாட்களுக்கு ஒருமுறையாவது மேற்பார்வையிட வேண்டும். மருத்துவம் சாராத ஏஜென்சிகளுக்கு இந்த இடைவெளிகளை மாநிலமே வகுக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வருகை நேரம், வந்தவர் பெயர், செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் நீங்களும் எழுதி வாருங்கள். மெடிகெய்ட் பணத்தில் நடக்கும் வருகைகளுக்கு, 2016-இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவு கட்டாயம். வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்து அல்லது கைபேசி உறுதிமொழி கேட்டால் தரக் கூடாது.

ஏழாம் படி: புகார்

நம்மவர்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். பணியாளரின் வேலை போய்விடுமோ, ஏஜென்சி கோபித்துக்கொண்டு சேவையை நிறுத்திவிடுமோ, குடியுரிமை விண்ணப்பத்துக்குச் சிக்கல் வருமோ என்றெல்லாம் கவலைப்படுகிறார்கள். உரிமத் துறையிடம் கொடுக்கும் புகார் ஏஜென்சியைப் பற்றியது. உங்கள் குடிவரவு விவகாரத்தைப் பற்றியதல்ல. புகார் செய்ததற்காக நோயாளியைப் பழிவாங்கக் கூடாது என்பது கூட்டாட்சி விதியிலேயே நோயாளியின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: இரண்டு ஆய்வுகளுக்கு இடையிலுள்ள ஆண்டுகளில் ஆய்வாளரை அந்த ஏஜென்சிக்கு வரவழைப்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் புகார்தான். நீங்கள் பேசாமல் ஏஜென்சியை மாற்றிக்கொண்டால், அதே குறை அடுத்த வீட்டு முதியவருக்கு நேரும்.

எங்கே கொடுப்பது என்பது எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 911. அடித்தல், அலட்சியம், பணத்தை ஏமாற்றிப் பறித்தல் என்றால் மாநிலத்தின் வயதுவந்தோர் பாதுகாப்புச் சேவைத் துறை. அதோடு காவல் துறை. பராமரிப்பின் தரம், வராத வருகைகள், பயிற்சியில்லாத ஆள், உரிமம் இல்லாமல் இயங்குதல் என்றால் உரிமம் வழங்கிய துறை. செவிலியர் ஒருவரின் நடத்தை என்றால் மாநிலச் செவிலியர் வாரியம். நடக்காத வருகைக்கு மெடிகேரிடம் பணம் கேட்டிருந்தால் 1-800-633-4227. மெடிகெய்ட் என்றால் மாநிலத்தின் மெடிகெய்ட் மோசடித் தடுப்புப் பிரிவு. கட்டணத் தகராறு, முன்பணம் திருப்பித் தராமை போன்றவற்றில் உரிமத் துறைகள் பெரும்பாலும் தலையிடுவதில்லை; அவற்றுக்கு மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவே இடம். ஒரே நிகழ்வு இரண்டு மூன்று அலுவலகங்களுக்கு உரியதாக இருக்கலாம். ஒன்றிடம் சொன்னால் மற்றதற்குத் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

புகாரை எழுதும்போது உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். “சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்ற வரியை வைத்து ஆய்வாளரால் எதுவும் செய்ய முடியாது. “இன்ன தேதியில், இத்தனை மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை; ஏஜென்சியை இத்தனை மணிக்கு அழைத்தோம்; இன்னார் பேசினார்; மாற்று ஆள் அனுப்பப்படவில்லை; பராமரிப்புத் திட்டத்தில் தினமும் வருகை என்று உள்ளது” என்று எழுதினால், அவர் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். நீங்கள் எழுதி வந்த நோட்டின் பக்கங்களையும், புகைப்படங்களையும், குறுஞ்செய்திகளையும் நகலெடுத்து இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆனால் அப்போது ஆய்வாளர் உங்களிடம் மேலும் விவரம் கேட்கவும் முடிவைத் தெரிவிக்கவும் வழியிருக்காது. பெயரைக் கொடுத்து, அதை ஏஜென்சியிடம் வெளியிட வேண்டாம் என்று கேட்பதே மேல். புகாரின் தன்மையிலிருந்து ஏஜென்சி ஊகித்துக்கொள்ள வாய்ப்புண்டு என்பதையும் அறிந்திருங்கள். கொடுத்தவுடன் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

துறை புகாரை அதன் கடுமையைப் பொறுத்து வரிசைப்படுத்தும். ஆபத்தானது என்று கருதினால் சில நாட்களிலேயே ஆய்வாளர் போவார். மற்றவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். முடிவில் வரும் கடிதத்தில் புகார் ‘உறுதி செய்யப்பட்டது’ அல்லது ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று இருக்கும். இரண்டாவது சொல்லைக் கண்டு பொய் சொன்னவர் என்று தன்னை முத்திரை குத்திவிட்டார்கள் என்று வருந்துவோர் உண்டு. விதி மீறப்பட்டது என்று காட்டப் போதிய சான்று கோப்பிலோ நேர்காணலிலோ கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். நடக்கவே இல்லை என்பதல்ல. புதிய சான்று இருந்தால் அந்த அலுவலகத்தின் மேற்பார்வையாளருக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். உறுதி செய்யப்பட்டிருந்தால், அந்த ஆய்வின் குறைபாட்டு அறிக்கையையும் ஏஜென்சி தந்த திருத்தத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஏஜென்சியிலேயே தொடர்வதாக இருந்தால், திட்டத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட தேதிகள் வரும்போது, சொன்னது நடந்ததா என்று உங்கள் வீட்டுக் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நடக்கவில்லையென்றால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டுத் துறைக்கு மீண்டும் எழுதுங்கள்.